உப்புநீர் நெபுலைசர்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

நெஞ்சில் சளி கட்டிக்கொண்டு, எவ்வளவு இருமினாலும் வெளியே வராமல் திணறுபவர்களுக்கு மருத்துவர் சில நேரம் எழுதித் தருவது வெறும் உப்புநீர்தான். ஹைபர்டானிக் சலைன் என்று பெயர் மட்டும் பெரிதாக இருக்கும். நெபுலைசரில் ஊற்றி, மெல்லிய புகைபோல ஆக்கி, மூச்சோடு உள்ளே இழுக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து இயந்திரத்தைப் பிரித்ததும்தான் சந்தேகங்கள் வரிசை கட்டும். இன்ஹேலர் முன்னாலா, பின்னாலா? இருமல் வந்தால் நிறுத்திவிடுவதா? மிச்சம் இருக்கும் மருந்தை மறுநாள் எடுக்கலாமா? எங்கள் வீட்டில் ஒருவருக்கு இந்தச் சிகிச்சையைப் பல காலமாகப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்பவன் என்ற முறையில், தொடங்குபவர்களுக்குத் தேவையானதை எழுதுகிறேன். உங்கள் மருத்துவர் சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடு இருந்தால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உப்புநீர் சளியை இளக்கும், அவ்வளவுதான். அதை வெளியே கொண்டுவரும் வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும். இயந்திரத்தை நிறுத்தியதும் சிகிச்சை முடிந்தது என்று எழுந்து போய்விடுபவர்கள்தான் ‘எனக்கு இது ஒத்துவரவில்லை’ என்று பெரும்பாலும் சொல்கிறார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

மூச்சுக்குழாயின் உட்சுவர் மேல் மெல்லிய நீர்ப்படலம் இருக்கிறது. அதில் நுண்ணிய முடிகள் அசைந்து அசைந்து சளியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். நாள்பட்ட நோயில் இந்தப் படலம் வறண்டோ, முடிகள் பழுதாகியோ, சளி கெட்டியாகி ஒரே இடத்தில் தங்கிவிடுகிறது. தங்கிய சளியில் கிருமி வளரும், கிருமியால் வீக்கம் வரும், வீக்கத்தால் இன்னும் சளி சுரக்கும். இந்தச் சுழற்சியை எங்காவது உடைத்தாக வேண்டும்.

நம் ரத்தத்தின் உப்புத்தன்மைக்கு ஈடானது 0.9 சதவீத உப்புநீர். இதைத்தான் நார்மல் சலைன் என்கிறோம். கடல்நீரில் ஏறக்குறைய 3.5 சதவீதம் உப்பு. நெபுலைசருக்குத் தரும் ஹைபர்டானிக் சலைன் பெரும்பாலும் 3, 6 அல்லது 7 சதவீதம். அதாவது 7 சதவீதக் கரைசலில் கடல்நீரைப் போல இரண்டு மடங்கு உப்பு இருக்கிறது. அவ்வளவு உப்பு மூச்சுக்குழாயில் படியும்போது சுற்றியுள்ள திசுக்களிலிருந்து தண்ணீரை இழுக்கிறது. நீர்ப்படலம் தடிக்கிறது, சளி இளகுகிறது. கூடவே இருமலையும் தூண்டுகிறது. அந்த இருமலைத் தொல்லை என்று நினைக்க வேண்டாம். நமக்கு வேண்டியதே அதுதான்.

யாருக்கு, எந்த அளவுக்கு உதவும்

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயில்தான் இதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில், கடலில் அலைச்சறுக்கு ஆடும் நோயாளிகளுக்கு நுரையீரல் நிலை மேலாக இருப்பதை மருத்துவர்கள் கவனித்திருக்கிறார்கள். ஆராய்ச்சிக்கு அது ஒரு தூண்டுகோல். 2006இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் 164 பேர் 48 வாரம் தினமும் இரண்டு வேளை 4 மில்லி உப்புநீர் எடுத்தார்கள்; ஒரு பிரிவுக்கு 7 சதவீதம், மற்றதற்கு 0.9 சதவீதம். 7 சதவீதம் எடுத்தவர்களின் மூச்சுத்திறன் கொஞ்சம்தான் கூடியது. ஆனால் நோய் திடீரென முற்றிப் படுக்கவைக்கும் தடவைகள் பாதிக்கும் கீழே குறைந்தன. நோயோடு வாழ்பவருக்கு அந்த இரண்டாவது விஷயம்தான் பெரிது.

பிராங்கியெக்டாசிஸ், அதாவது மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்துபோன நிலையில், கதை அவ்வளவு தெளிவாக இல்லை. 2025இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்று 288 பேரிடம் 6 சதவீத உப்புநீரையும் சளியை இளக்கும் கார்போசிஸ்டீன் மாத்திரையையும் ஓராண்டு சோதித்தது. நோய் முற்றும் தடவைகளை இரண்டுமே குறிப்பிடும்படி குறைக்கவில்லை. அதனால் பிராங்கியெக்டாசிஸ் உள்ள எல்லோருக்கும் இது கட்டாயம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மூச்சுப் பயிற்சியை ஒழுங்காகச் செய்தும் சளி வெளியேறாமல் அவதிப்படுபவர்களுக்கு முயன்று பார்க்கத் தகுந்தது என்பதே என் கருத்து. 2017இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதலும் சளியை இளக்கும் மருந்துகளைப் பற்றி ஏறக்குறைய இதையே சொல்கிறது.

பிறவியிலேயே அந்த நுண்முடிகள் சரியாக அசையாத நோய் உள்ளவர்களுக்கும் தருகிறார்கள். சிஓபிடிக்கு, அதாவது பெரும்பாலும் புகையால் வரும் நாள்பட்ட மூச்சடைப்பு நோய்க்கு, வழக்கமான சிகிச்சையாக இது இல்லை. ஆஸ்துமா இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. அடர்ந்த உப்புநீர் மூச்சுக்குழாயைச் சுருங்க வைத்துவிடக்கூடும்.

முதல் டோஸ் வீட்டில் வேண்டாம்

இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. முதல் டோஸை மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ, பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும் இடத்தில்தான் எடுக்க வேண்டும். முதலில் ஸ்பைரோமெட்ரி கருவியில் ஊதச் சொல்லி மூச்சுத்திறனை அளப்பார்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தைக் கொடுத்துக் கொஞ்ச நேரம் காத்திருந்து, பிறகு உப்புநீரை எடுக்கச் சொல்வார்கள். முடிந்ததும் மறுபடி ஊதச் சொல்வார்கள். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவையும் பார்ப்பார்கள். மூச்சுத்திறன் எவ்வளவு இறங்கினால் இது ஒத்துவராது என்று முடிவுசெய்வது என்பதில் இடத்துக்கு இடம் சிறு வேறுபாடு உண்டு. 10 முதல் 20 சதவீதத்துக்குள் ஒரு வரம்பு வைத்திருப்பார்கள்.

தேறவில்லை என்றால் கதவு மூடிவிட்டது என்று பொருளில்லை. 7 சதவீதம் தாங்காதவர் 3 சதவீதத்தைத் தாங்கலாம். அங்கிருந்து தொடங்கி மெல்ல ஏற்றலாம். ஹையலுரானிக் அமிலம் கலந்த 7 சதவீதக் கரைசலும் உண்டு. அதில் தொண்டை எரிச்சலும் உப்புக் கரிப்பும் குறைவு.

அண்மையில் சளியில் ரத்தம் வந்திருந்தாலோ, நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து சிகிச்சை எடுத்திருந்தாலோ, காசநோய் சந்தேகம் இருந்தாலோ, அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

கரைசலும் இயந்திரமும்

கரைசல் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் சிறு பிளாஸ்டிக் குப்பிகளில் வரும், பெரும்பாலும் 4 மில்லி. வாங்கும்போது சதவீதத்தைப் பார்த்து வாங்குங்கள், 0.9க்கும் 7க்கும் குப்பி பார்க்க ஒன்றுபோலவே இருக்கலாம். திறந்த குப்பியில் மிச்சம் இருந்தால் கொட்டிவிடுங்கள். அடுத்த வேளைக்கு வைக்காதீர்கள்.

வீட்டில் உப்பைக் கரைத்துச் செய்துகொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நீண்டகாலச் சிகிச்சை, செலவு கூடும், கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் பழுதுபட்ட நுரையீரலுக்குள் நேரடியாகப் போகும் நீர் அது. சமையலறையில் கிருமி இல்லாமல் செய்யவும் முடியாது, அளவும் துல்லியமாக வராது. சமையல் உப்பில் கட்டியாகாமல் இருக்கச் சேர்க்கும் பொருட்களும் இருக்கும். செலவு சுமையாக இருந்தால் அதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லி வேறு வழி கேளுங்கள்.

நெபுலைசரில் இரண்டு வகை பரவலாகக் கிடைக்கிறது. கம்ப்ரசர் வைத்த வகை சத்தம் போடும், ஒரு டோஸுக்குக் கால் மணி நேரம் வரை ஆகலாம், ஆனால் உறுதியானது. மெஷ் வகை, அதாவது நுண்துளை வலை வழியாக மருந்தைப் புகையாக்குவது, சிறியது, சத்தமில்லாதது, பாதி நேரத்திலேயே முடிந்துவிடும். உப்பு படிந்து வலை அடைத்துக்கொள்வது அதன் குறை. ஹைபர்டானிக் சலைனுக்கு ஏற்றதா என்று அதன் கையேட்டில் பார்த்த பிறகே வாங்குங்கள். அறையை ஈரப்படுத்தும் ஹியூமிடிஃபையர் இதற்கு உதவாது. மருந்துத் துளிகள் 1 முதல் 5 மைக்ரான் அளவில் இருந்தால்தான் நுரையீரலின் உள்ளே போகும். பெரிய துளிகள் வாயிலும் தொண்டையிலுமே தங்கிவிடும்.

மாஸ்க்கை விட மவுத்பீஸ் நல்லது. மாஸ்க் போட்டால் மருந்தில் கணிசமான பங்கு மூக்கிலும் முகத்திலும் போய்விடும். மவுத்பீஸைக் கவ்வத் தெரியாத சிறு குழந்தைகளுக்கு மட்டும் மாஸ்க்.

ஒரு வேளை எப்படிப் போகும்

சாப்பிட்ட உடனே தொடங்காதீர்கள், இருமும்போது வாந்தி வந்துவிடும். இரவு வேளையைப் படுக்கைக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். இல்லையென்றால் இருமலில் தூக்கம் கெடும்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மருத்துவர் சொன்ன மூச்சுக்குழாய் விரிக்கும் மருந்தை, அது இன்ஹேலரானாலும் சரி நெபுலைசரானாலும் சரி, முதலில் எடுங்கள். பெரும்பாலும் சால்புட்டமாலாக இருக்கும். பிறகு 10, 15 நிமிடம் பொறுங்கள். இந்த இடைவெளியை அவசரத்தில் விழுங்கிவிடாதீர்கள். மூச்சுக்குழாய் சுருங்காமல் காப்பது இதுதான்.

அடுத்து கரைசலைக் கப்பில் ஊற்றி, குழாயை இணைத்து, நாற்காலியில் முதுகு நிமிர்ந்து உட்காருங்கள். சாய்ந்து படுத்துக்கொண்டு எடுக்க வேண்டாம். மவுத்பீஸைப் பற்களுக்கு இடையே வைத்து உதடுகளால் மூடிக்கொண்டு, வாய் வழியாக இயல்பாக, நிதானமாக மூச்சு விடுங்கள். சில மூச்சுகளுக்கு ஒருமுறை ஆழமாக இழுத்து, இரண்டு மூன்று விநாடி நிறுத்தி விடலாம். தொடர்ந்து வேகமாக ஆழமூச்சு இழுத்தால் தலை சுற்றும்.

இருமல் வரும். வந்தால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, இருமி, சளியைத் துப்பிவிட்டு, மூச்சு சீரானதும் மறுபடி தொடங்குங்கள். சளியை விழுங்காமல் மூடியுள்ள கிண்ணத்தில் துப்புவது நல்லது; நிறமும் அளவும் கண்ணில் படும். புகை குறைந்து சீறல் சத்தம் கேட்கத் தொடங்கினால் கப்பை லேசாகத் தட்டிவிடுங்கள். அதன் பிறகும் புகை வரவில்லை என்றால் முடிந்துவிட்டது. கம்ப்ரசர் வகையில் அடியில் கொஞ்சம் எப்போதும் மிஞ்சும், அது இயல்பு.

ஆன்டிபயாடிக் போன்ற வேறு மருந்துகளை இதே கப்பில் கலக்காதீர்கள். பல மருந்துகள் இருந்தால் பொதுவான வரிசை: முதலில் விரிக்கும் மருந்து, பிறகு உப்புநீர், அதன்பின் சளி எடுக்கும் பயிற்சி, கடைசியில் உள்ளிழுக்கும் ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரும். சளியெல்லாம் போன பிறகு எடுத்தால்தான் கடைசி மருந்துகள் சுவரில் படியும்.

எடுக்கும் அறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இருமும்போது கிருமிகள் காற்றில் கலக்கும். ஜன்னல் திறந்த தனி அறை நல்லது. கைக்குழந்தையோ நோய் எதிர்ப்பு குறைந்தவரோ பக்கத்தில் இருக்க வேண்டாம்.

இனிதான் உண்மையான வேலை

இளகிய சளியை மேலே கொண்டுவரும் பயிற்சியை ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் நேரில் கற்றுக்கொள்வது சிறந்தது. எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லித்தரும் சுழற்சி மூச்சுப் பயிற்சி இப்படிப் போகும்.

தோள்களைத் தளர்த்தி, வயிறு மெல்ல எழுந்து தாழ, ஒரு நிமிடம் அமைதியாக மூச்சு விடுங்கள். பிறகு மூன்று முதல் ஐந்து ஆழமூச்சு. ஒவ்வொன்றையும் இழுத்து முடித்ததும் மூன்று விநாடி நிறுத்தி, அழுத்தாமல் வெளியே விடுங்கள். அந்த நிறுத்தத்தில்தான் காற்று சளிக்குப் பின்னால் போய்ச் சேருகிறது. மறுபடி அமைதியான மூச்சு. அப்புறம் ‘ஹஃப்’.

ஹஃப் என்பது இருமல் அல்ல. வாயையும் தொண்டையையும் திறந்து வைத்து, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல, ஆனால் வயிற்றை இறுக்கிக் கொஞ்சம் வேகமாக, ‘ஹா’ என்று காற்றைத் தள்ளுவது. நடுத்தர அளவு மூச்சு இழுத்து நீளமாக ஹஃப் செய்தால் ஆழத்தில் உள்ள சளி நகரும். அது மேலே வந்துவிட்டது என்று நெஞ்சில் உணர்ந்ததும், பெரிய மூச்சு இழுத்துக் குறுகிய ஹஃப் செய்து, இருமித் துப்புங்கள். தொண்டையைச் செருமிச் செருமி இருமுவதில் களைப்புதான் மிஞ்சும். வேகமாக இருமும்போது மூச்சுக்குழாய்கள் அழுந்தி மூடிக்கொள்ளவும் கூடும். ஹஃப் சரியாக வந்துவிட்டால் பாதிச் சண்டை முடிந்தது.

இந்தச் சுழற்சியைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். தொடர்ந்து இரண்டு ஹஃப்பில் கரகரப்பு இல்லாமல் வெறும் காற்று மட்டும் வந்தால் அந்த வேளைக்குப் போதும். சிலருக்குப் பத்து நிமிடம், சிலருக்கு அரை மணி. ஊதும்போது எதிர்ப்பும் அதிர்வும் தரும் ஃப்ளட்டர், அகாபெல்லா, ஏரோபிகா போன்ற கருவிகள் உண்டு. சிலவற்றில் நெபுலைசரையே மாட்டி இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்யலாம். தினமும் இரண்டு வேளை நேரம் ஒதுக்கத் திணறுபவர்களுக்கு அது பெரிய உதவி.

கழுவுவதில் சோம்பல் கூடாது

ஈரமாக விட்ட நெபுலைசர் கப்பில் சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் குடியேறும். மறுநாள் அவற்றையே உள்ளே இழுப்போம். குணமாகத்தானே இவ்வளவு பாடுபடுகிறோம், அந்தப் பாடு நோயைக் கொண்டுவந்து சேர்க்கக் கூடாது.

ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் கப், மவுத்பீஸ் இரண்டையும் பிரித்து, வெதுவெதுப்பான நீரிலும் பாத்திரம் கழுவும் சோப்பிலும் கழுவுங்கள். உப்பு காய்ந்து ஒட்டுவதற்கு முன், உடனே. தினமும் ஒருமுறை கிருமி நீக்க வேண்டும். எளிய வழி, கொதிக்கும் தண்ணீரில் முழுவதும் மூழ்க 5 நிமிடம் வைப்பது. பால் புட்டிகளுக்கான நீராவி ஸ்டெரிலைசரும் நன்றாக உதவும். கொதிக்க வைக்கக் கூடாத பாகம் என்றால் 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் 5 நிமிடமோ, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் 30 நிமிடமோ ஊறவிடலாம். ஆனால் பிறகு கிருமி நீக்கிய நீரில் அலச வேண்டும். குழாய் நீரில் அலசினால் அதிலுள்ள நுண்ணுயிர்கள் மறுபடி ஏறிவிடும். வினிகர் போதாது. எந்த முறை உங்கள் கருவிக்கு ஆகும் என்பதைக் கையேட்டில் பாருங்கள்.

கடைசியாக, சுத்தமான துணியிலோ பேப்பர் டவலிலோ பரப்பிக் காற்றில் நன்றாக உலர விடுங்கள். இயந்திரத்தோடு வரும் நீளமான காற்றுக்குழாயைக் கழுவ வேண்டாம். உள்ளே ஈரம் தெரிந்தால் கப்பைக் கழற்றிவிட்டுக் கம்ப்ரசரைச் சில நிமிடம் ஓடவிட்டால் காய்ந்துவிடும். கம்ப்ரசரின் ஃபில்டர் சாம்பல் நிறமானால் மாற்றுங்கள். மெஷ் வகையில் அந்த வலையை விரலாலோ பிரஷ்ஷாலோ தொடவே கூடாது. கப்பும் மவுத்பீஸும் ஒருவருக்கு மட்டும், வீட்டுக்குள்ளேயும் பகிர வேண்டாம்.

என்ன தொல்லை வரும், எப்போது நிறுத்துவது

வாயில் உப்புக் கரிக்கும், தொண்டை எரியும், குரல் கொஞ்சம் கரகரக்கும். முடிந்ததும் வாய் கொப்பளித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். முதல் சில வாரங்களில் இவை கூடுதலாகத் தெரியும், பலருக்கு நாளாக நாளாகக் குறையும்.

நெஞ்சு இறுகுவது, மூச்சு விசில் அடிப்பது, மூச்சு வாங்குவது வேறு விஷயம். உடனே நிறுத்துங்கள்; விரிக்கும் இன்ஹேலரை எடுங்கள். அடங்கிவிட்டாலும் அடுத்த டோஸுக்கு முன் மருத்துவரிடம் பேசுங்கள். அடங்காவிட்டால் அவசர சிகிச்சைக்குப் போங்கள். சளியில் புதிதாகச் சிவப்பு ரத்தம் தெரிந்தால் அன்றைக்கே உப்புநீரை நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள். ரத்தம் நிறைய வந்தாலோ, ஒரு பக்க நெஞ்சில் திடீரெனக் குத்துவலியும் மூச்சுத்திணறலும் வந்தாலோ தாமதிக்கக் கூடாது.

ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் ‘இவ்வளவு உப்பு உடம்புக்குள் போகலாமா’ என்று பயப்படுவார்கள். 4 மில்லி 7 சதவீதக் கரைசலில் இருப்பது 0.28 கிராம் உப்பு. இரண்டு வேளைக்கும் சேர்த்து 0.56 கிராம். அதிலும் ஒரு பங்கு கருவியிலும் காற்றிலும் போய்விடும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் கீழே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. பெரிய அளவு இல்லை. ஆனாலும் உப்பைக் கடுமையாகக் குறைக்கச் சொல்லியிருக்கும் இதய, சிறுநீரக நோயாளிகள் இந்தக் கணக்கை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

உப்பு அறை, உப்பு விளக்கு, உப்புக் கட்டி நிரப்பிய பீங்கான் குழல் இவையெல்லாம் விற்பனைக்கு இருக்கின்றன. அளவு தெரிந்த மருந்தை அளவு தெரிந்த துளிகளாக உள்ளே அனுப்பும் சிகிச்சைக்கு இவை மாற்றாகாது. ஆவி பிடிப்பதும் அப்படித்தான். மூக்கடைப்புக்கு இதமாக இருக்கலாம், உப்பு நீராவியோடு ஏறி நுரையீரலுக்குப் போகாது.

பலன் தெரிகிறதா என்று பார்ப்பது

சளி சுலபமாக வருவது சிலருக்கு முதல் வாரத்திலேயே தெரியும். நோய் முற்றுவது குறைகிறதா என்று அறிய மாதங்கள் ஆகும். ஒரு சிறு நோட்டில் தினமும் மூன்றே விஷயம் எழுதுங்கள்: எத்தனை வேளை எடுத்தீர்கள், சளியின் நிறமும் அளவும், அன்றைக்கு மூச்சு எப்படி இருந்தது. இரண்டு மூன்று மாதம் கழித்து அதை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். ஒழுங்காக எடுத்தும் எந்த மாற்றமும் இல்லை என்றால் சதவீதத்தை மாற்றுவதா, கருவியை மாற்றுவதா, ஹஃப் செய்வதைச் சரிபார்ப்பதா, இல்லை நிறுத்திவிடுவதா என்று சேர்ந்து முடிவு செய்யலாம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்குப் புதிய மூன்று மருந்துக் கூட்டு மாத்திரை எடுப்பவர்களில், நுரையீரல் நல்ல நிலையில் இருந்த சிலர் உப்புநீரை ஆறு வாரம் நிறுத்திப் பார்த்தபோது மூச்சுத்திறன் குறையவில்லை என்று 2022இல் ஓர் ஆய்வு வந்தது. அதனால் ‘எனக்கு இது இன்னும் தேவையா’ என்று கேட்பதில் தவறே இல்லை. கேட்காமல் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அவ்வளவுதான்.